டவுனில் 8, மெயின் ரோட்டில் 16: சின்ன சொகுசு கிராஸ்ஓவர் உண்மையில் எவ்வளவு கொடுக்கும்?

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். ஐம்பது லட்சத்துக்கு மேல் போட்டு ஒரு சின்ன சொகுசு கிராஸ்ஓவர், அதாவது காருக்கும் எஸ்யூவிக்கும் நடுவான வண்டி, எடுத்திருக்கிறார். டர்போ பெட்ரோல், ஆட்டோமேட்டிக். பேப்பரில் மைலேஜ் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் சொச்சம் என்று போட்டிருந்தது, கையில் வருவது 8, சில வாரம் ஏழரை. வீட்டிலிருந்து கம்பெனி நாலு கிலோமீட்டர், நடுவில் டையிங், பிரிண்டிங், ஜாப் ஒர்க் யூனிட் என்று சுற்றல், ஞாயிறானால் கோவை, ஒரம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் ஊட்டி. வண்டியில் கோளாறா, டீசல் எடுத்திருக்க வேண்டுமா, 100 ஆக்டேன் பெட்ரோல் (ஆக்டேன் என்பது எஞ்சினுக்குள் கண்ட நேரத்தில் வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் எண்) போட்டால் சரியாகுமா என்று மூன்று கேள்வி.

அண்ணா, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன ஓட்டத்துக்கு 8 என்பது வர வேண்டிய எண்தான். டீசல் எடுக்காமல் விட்டது நல்லது. 100 ஆக்டேன் தேவையில்லை. ஆனால் வண்டியில் நிஜமாகவே கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, அதைச் செய்யாமல் விடாதீர்கள்.

அந்தப் பேப்பர் எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இந்த வகுப்பில் நம் ஊரில் அதிகம் கண்ணில் படுவது பிஎம்டபிள்யூ எக்ஸ்1, மெர்சிடிஸ் ஜிஎல்ஏ, ஆடி க்யூ3. எக்ஸ்1-இன் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோலுக்கு 16.35, அதன் 2 லிட்டர் டீசலுக்கு 20.37 என்று சொல்கிறார்கள். ஜிஎல்ஏ பெட்ரோல் 1.3 லிட்டர் டர்போ, க்யூ3 பெட்ரோல் 2 லிட்டர், அதுவும் நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும் குவாட்ரோ. எஞ்சின் எதுவானாலும் அந்தச் சான்றிதழ் எண் ரோட்டில் ஓட்டி எடுத்ததல்ல. வண்டியை உருளை மேல் நிறுத்தி, வகுத்து வைத்த ஒரு வேக அட்டவணைப்படி ஓட்டுவார்கள். மொத்தமே பத்தரை கிலோமீட்டர் சொச்சம், இருபது நிமிடம் கூட ஆகாது. உச்ச வேகம் 90, சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர் பக்கம். ஏசி ஆஃப். வேகம் கூட்டுவதும் குறைப்பதும் அவ்வளவு மெதுவாக இருக்கும், குமரன் ரோட்டில் அப்படி ஓட்டினால் பின்னால் வரும் டவுன் பஸ் டிரைவர் ஹாரனை விட்டுக் கையை எடுக்க மாட்டார். இது ஏமாற்று வேலை இல்லை. எல்லாக் கம்பெனி வண்டிக்கும் ஒரே சோதனை, அதனால் இரண்டு வண்டியை ஒப்பிட அந்த எண் உதவும். உங்கள் பெட்ரோல் செலவைக் கணக்குப் போட உதவாது, அவ்வளவுதான்.

உங்கள் வண்டியின் திரையில் மைலேஜுக்குப் பக்கத்திலேயே சராசரி வேகம் என்று ஒன்று இருக்கும், பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அதைப் பாருங்கள். மைலேஜைவிட அது உண்மையைச் சொல்லும். புஷ்பா தியேட்டர் ஸ்டாப், பெருமாநல்லூர் ரோடு, பல்லடம் ரோடு என்று நாள் முழுக்க டவுனுக்குள் ஓடும் வண்டிக்கு அது 14, 15, மிஞ்சினால் 18 காட்டும். சோதனையில் இருந்த 32-இல் பாதி. அதாவது எஞ்சின் ஓடும் நேரத்தில் பெரிய பங்கு வண்டி நின்றபடியே இருக்கிறது. ஏசி போட்டுக்கொண்டு நின்றால் இந்த அளவு எஞ்சின் ஒரு மணி நேரத்துக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். ஒரு மணி நேரத்தில் 15 கிலோமீட்டர் போனீர்கள், அதில் 25 நிமிடம் சிக்னலிலும் லாரியில் துணி பேல் ஏற்றும் இடத்திலும் நின்றீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகர்வதற்கு ஒண்ணேகால் லிட்டர் போனால், நின்றதற்கு மட்டும் 400 மில்லி. மைலேஜ் 9-க்கு வந்துவிட்டது, வண்டி ஒரு தப்பும் செய்யாமலே.

கோவையில் இதைக் கண் முன்னே பார்க்கலாம். அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள் அல்லவா, அதே வண்டியை, அதே ஆள், ஒரு முறை கீழே சிக்னல் சிக்னலாகவும் ஒரு முறை மேலேயும் ஓட்டிப் பாருங்கள். தூரம் ஒன்றுதான், கீழே குடித்ததில் ஏறக்குறைய பாதிதான் மேலே குடிக்கும். பாலத்துக்குப் பொருத்தமான பெயர்தான் வைத்திருக்கிறார்கள். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தன் முதல் பஸ்ஸைத் தானே ஓட்டியவர் அவர், எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் விடாத மனிதர்.

அடுத்தது, உங்கள் விஷயத்தில் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்: நாலு கிலோமீட்டர் ஓட்டம். எஞ்சின் ஆயில், கூலன்ட், கியர்பாக்ஸ் எல்லாம் சரியான சூட்டுக்கு வர ஐந்தாறு கிலோமீட்டராவது ஓட வேண்டும். அது வரைக்கும் ஆயில் கெட்டியாக இருக்கும், உராய்வு அதிகம். போதாததற்கு, ஸ்டார்ட் செய்ததும் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டைச் சீக்கிரம் சூடேற்றக் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே பெட்ரோலைக் கொஞ்சம் வீணாக்கி எரிக்கும். மாசுக் கட்டுப்பாட்டு விதிக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அதை யாரும் மாற்ற முடியாது. எஞ்சின் சூடாகி ஒழுங்காக ஓட ஆரம்பிக்கும் நேரத்தில் நீங்கள் கம்பெனி கேட்டுக்குள் போய் நிறுத்திவிடுகிறீர்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்ப எடுக்கும்போது எஞ்சின் ஆறியிருக்கும், உள்ளே சீட் மட்டும் கொதிக்கும். சித்திரை வெயிலில் ஷெட்டுக்கு வெளியே நின்ற வண்டிக்குள் 50 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். அதைக் குளிர்விக்க ஏசி முதல் பத்து நிமிடம் முழு மூச்சாக ஓடும். உங்கள் ஓட்டமே பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஆக ஏசியின் மிகக் கடினமான பத்து நிமிடமும், எஞ்சினின் மிக மோசமான பத்து நிமிடமும் சேர்ந்து உங்கள் ஒவ்வொரு டிரிப்பிலும் வருகிறது. இதே வண்டி ஈரோட்டுக்கு தினம் போய் வருபவரிடம் 14 கொடுக்கும், அவரும் நீங்களும் மாறி மாறிச் சண்டை போட்டுக்கொள்ளலாம், இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

இதற்குச் செய்யக்கூடியது உண்டு. டிரிப்புகளைச் சேருங்கள். டையிங் போகிற வேலை, பேங்க், பிரிண்டிங் யூனிட் மூன்றையும் நடுவில் வீட்டுக்கு வராமல் ஒரே சுற்றில் முடித்தால் முதல் ஸ்டார்ட் மட்டும்தான் குளிர் எஞ்சின், மற்றதெல்லாம் சூடான எஞ்சின். கம்பெனியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு நிழலில் நிறுத்துங்கள். ஏறியதும் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு முதல் அரை கிலோமீட்டர் ஓட்டி, அனல் வெளியே போன பிறகு ஏசி போடுங்கள். இந்த மூன்றும் சேர்ந்து 8-ஐ 9 ஆக்கும், சில சமயம் ஒன்பதரை.

ஒன்று கூடுவதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். இங்கேதான் கிலோமீட்டர் கணக்கு நம்மைக் குழப்புகிறது. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். 8 கொடுத்தால் 12.5 லிட்டர், 10 கொடுத்தால் 10 லிட்டர்; இரண்டரை லிட்டர் மிச்சம். 16-இலிருந்து 20-க்கு ஏற்றினால் 6.25-இலிருந்து 5 லிட்டர். ஒண்ணேகால் லிட்டர்தான் மிச்சம். கீழே இருக்கும் எண்ணில் ஒரு கிலோமீட்டர் கூட்டுவது மேலே இருக்கும் எண்ணில் நாலு கூட்டுவதற்குச் சமமாகிவிடுகிறது. இதே காரணத்தால்தான் டவுனில் 8, ரோட்டில் 16, ஆகச் சராசரி 12 வரும் என்று போடுகிற கணக்கும் தப்பு. நூறு கிலோமீட்டர் டவுன், நூறு கிலோமீட்டர் ரோடு ஓட்டினால் மொத்தம் 18.75 லிட்டர் போயிருக்கும், 200-ஐ அதால் வகுத்தால் 10.7தான். டவுன் ஓட்டம் சராசரியைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும்.

சரி, வண்டியில் கோளாறு இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திரையில் வரும் எண்ணை நம்ப வேண்டாம், பெரும்பாலான வண்டிகளில் அது கொஞ்சம் கூட்டியே காட்டும். பழைய முறைதான் சரி: ஃபுல் டேங்க். ஒரே பங்க், முடிந்தால் அதே பம்ப், நாசில் தானாக கட் ஆனதும் நிறுத்திவிடச் சொல்லுங்கள். ரவுண்டாக்குகிறேன் என்று பையன் கழுத்து வரை நிரப்பினால் கணக்கு போச்சு. ட்ரிப் மீட்டரை சைபர் ஆக்கிவிட்டு அவினாசியில் பெரிய ரோட்டில் ஏறி, செங்கப்பள்ளி, விஜயமங்கலம் டோல், பெருந்துறை, பவானி தாண்டி சங்ககிரி வரைக்கும் போய்த் திரும்பி வாருங்கள். விடிகாலையில் கிளம்பினால் நல்லது. இரண்டு பேர், ஏசி 24, வேகம் 80-இலிருந்து 90-க்குள், வேகத்தைத் தானே ஒரே அளவில் பிடித்துக்கொள்ளும் குரூஸ் கன்ட்ரோல் இருந்தால் அதில் போட்டுவிடுங்கள். போன அதே பங்கில் திரும்ப நிரப்பி, கிலோமீட்டரை லிட்டரால் வகுத்தால் 15-க்கு மேல் வர வேண்டும். 17 வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். வந்துவிட்டால் எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை, டவுனில் வரும் 8 டவுனின் குறை.

போவது மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், திரும்பி வருவதையும் சேர்க்க வேண்டும். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே, ஈரோடு 180 மீட்டர் சொச்சம். கண்ணுக்குத் தெரியாத இறக்கம். ஈரோட்டுக்குப் போகும்போது நன்றாகக் கொடுக்கிறது, வரும்போது குடிக்கிறது என்று நம் பக்கத்துக்காரர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. இதோடு காற்றையும் சேருங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பல்லடம் உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும்போது நீங்கள் 90-இல் போனால் வண்டி காற்றை 120-இல் கிழித்துக்கொண்டு போகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடும், அதாவது முக்கால் பங்குக்கும் மேல் கூடுதல் தடை. திரும்பி வரும்போது பின்காற்று உதவும், ஆனால் போனதை முழுக்க ஈடுகட்டாது. ஆனி ஆடியில் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போய்விட்டு வண்டி சரியில்லை என்று சர்வீஸ் சென்டரில் நிற்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அந்த வர்க்கக் கணக்குதான் வேகத்துக்கும். கிராஸ்ஓவர் என்றால் செடானைவிட உயரம், முன் பக்கம் அகலம், அதனால் ரோட்டில் இந்தக் கணக்கு இன்னும் அதிகமாக உறைக்கும். 80-இல் இருக்கும் காற்றுத் தடை 110-இல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நாலு வழிச் சாலையில் காருக்கு 100தான் சட்டப்படி எல்லை, பலர் 120-இல் போகிறார்கள், போய்விட்டு மைலேஜ் 12தான் வந்தது என்கிறார்கள். சேலம் போக அவர்கள் மிச்சம் பிடித்தது கால் மணி நேரம் சொச்சம், போட்டது கூடுதலாக இரண்டு லிட்டருக்கு மேல்.

ஊட்டி விஷயத்துக்கு வருகிறேன், இது எனக்குப் பிடித்த கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். வண்டி ஒன்றரை டன், அதில் நாலைந்து பேர், பெட்டி படுக்கை சேர்த்து 1800 கிலோ என்று வையுங்கள். அத்தனை எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் வேண்டிய சக்தி ஏழு யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேல். பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும், மற்றது ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் போய்விடும். ஆக, தூக்குவதற்கு மட்டும் இரண்டரை லிட்டர். முப்பத்தைந்து கிலோமீட்டர் பக்கம் உருண்டு போக ஆகும் இரண்டு லிட்டர் தனி. மொத்தம் நாலரை லிட்டர், மைலேஜ் ஏழரை. எவ்வளவு பொறுமையாக ஓட்டினாலும் இதற்கு மேல் கொடுக்காது, இயற்கைக் கணக்கு அது. இது வரவில்லை அது வரவில்லை என்று ஏறும்போது திரையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், கொண்டை ஊசி வளைவைப் பாருங்கள்.

இறங்கும்போது அந்த இரண்டரை லிட்டரில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், எப்படி இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து. மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இயக்கவும் என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அது பிரேக்குக்காக மட்டுமல்ல. கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குள் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும், செலவு சைபர். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு உருட்டுகிறார்கள் பாருங்கள், அவர்களுக்கு எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும், பிரேக் சூடாகி ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போகும். உயிருக்கு ஆபத்து, பெட்ரோலும் நஷ்டம். உங்கள் ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் மோடுக்கு மாற்றி, ஸ்டீரிங் பின்னால் பேடில் இருந்தால் அதில் கியரை இறக்கிக்கொண்டு வாருங்கள். தயவுசெய்து வீட்டில் ஓட்டும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

பெட்ரோல் வகை. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் ஒரு லிட்டர் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு வெப்பம்தான். அதனால் கலவையில் சுத்த பெட்ரோலைவிட 6 முதல் 7 சதவீதம் குறைவு, முன்பு வந்த 10 சதவீதக் கலவையைவிட மூன்றரை சதவீதம் குறைவு. 10 கொடுத்த வண்டி 9.6 கொடுக்கும், இதை மட்டும் காரணம் காட்டி 16 எப்படி 8 ஆனது என்று விளக்க முடியாது. 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டி என்றால் ரப்பர், பைப் எல்லாம் இந்தக் கலவையைத் தாங்கும்படிதான் செய்திருப்பார்கள், பெட்ரோல் மூடியின் உள்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். எத்தனால் கலப்பதில் ஒரு நல்லதும் உண்டு, ஆக்டேன் ஏறும். 20 சதவீதக் கலவைக்கு வைத்திருக்கும் தரமே 95 ஆக்டேன். டர்போ எஞ்சினுக்கு வேண்டியது அதில் இருக்கிறது. எக்ஸ்பி100 மாதிரி 100 ஆக்டேன் லிட்டர் 150 ரூபாய்க்கு மேல் விற்கிறது, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலை. விலைக்கு ஈடாக வேண்டுமானால் உங்கள் 8 குறைந்தது 12 ஆக வேண்டும், எந்தப் பெட்ரோலும் அதைச் செய்யாது. வேண்டாம், விட்டுவிடுங்கள்.

இனி டீசல். இந்த வண்டிகளில் டீசல் நன்றாகவே கொடுக்கும், டவுனில் 12, ரோட்டில் 20 என்று கேள்விப்படுவீர்கள், பொய் இல்லை. டீசலில் லிட்டருக்கு வெப்பமும் அதிகம், குறைந்த வேகத்தில் இழுவையும் அதிகம். ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் காரின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். அந்தக் கரியை அவ்வப்போது 600 டிகிரி பக்கம் சூடேற்றி எரித்துச் சாம்பலாக்க வேண்டும், அதற்கு வண்டி இருபது நிமிடமாவது நிற்காமல் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். நாலு கிலோமீட்டர் ஓட்டத்தில் அது நடக்கவே நடக்காது. எரிக்க ஆரம்பிக்கும், நீங்கள் நிறுத்திவிடுவீர்கள், மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிறுத்துவீர்கள், ஒரு நாள் மஞ்சள் விளக்கு எரியும், வண்டி இழுக்காது. உங்களைப் போல டவுனுக்குள் சுற்றுபவர் மைலேஜுக்காக டீசல் எடுப்பது, ரேக்ளா காளையை வாங்கிக் கட்டுத்தறியிலேயே கட்டி வைப்பது போல. அது ஓட வேண்டிய வண்டி.

பணக் கணக்கும் பெரிதாக உதவாது. எக்ஸ்1 2023 ஜனவரியில் வந்தபோது பெட்ரோல் 45.90 லட்சம், டீசல் 47.90 லட்சம். இரண்டு லட்சம் வித்தியாசம், அதற்கு மேல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஆயுள் வரி 20 சதவீதம், ஆக 2 லட்சத்து 40 ஆயிரம். பெட்ரோல் ரவுண்டாக 100, டீசல் 92 என்று வைத்து, மாதம் ஆயிரம் கிலோமீட்டர், பெட்ரோல் 10, டீசல் 14 என்று போட்டால் மாதம் 3,400 ரூபாய் மிச்சம். போட்ட கூடுதல் பணம் திரும்ப ஆறு வருடம் பக்கம் ஆகும். மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் ஓட்டுபவர், வாரத்தில் நாலு நாள் கரூருக்கும் சேலத்துக்கும் போய் வருபவர் என்றால் நானே டீசல்தான் எடுக்கச் சொல்வேன். மாதம் ஆயிரம், அதுவும் டவுனுக்குள் என்றால் கட்டாயம் பெட்ரோல். இன்னொன்று, இந்த விலை வண்டியில் வருடத்துக்கு மறுவிற்பனை விலை குறைவதே பல லட்சம், இன்சூரன்ஸ் தனி, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃப்ளாட் டயர் நாலு மாற்றினால் ஒரு கணிசமான தொகை. அதோடு வைத்துப் பார்த்தால் 8-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் மாதம் 2,500 ரூபாய். பெட்ரோல் வீணாவதை நான் ஒரு நாளும் சரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த இரண்டாயிரத்து ஐந்நூறை நினைத்து வண்டியை அனுபவிக்காமல் விடவும் வேண்டாம்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வீட்டில் இரண்டாவது வண்டி எடுக்கும் யோசனை இருந்தால் உங்கள் ஓட்டத்துக்கு மின்சாரக் கார்தான் பொருத்தம். நான் மேலே சொன்ன கஷ்டங்களில் பாதி அதற்குக் கிடையாது: சூடேற வேண்டியதில்லை, நின்றால் மோட்டார் நின்றுவிடும், பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் பேட்டரிக்குத் திரும்பும். டவுனில் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு 170 யூனிட், வீட்டு மின்சாரத்தில் யூனிட் 12 ரூபாய் என்று கூட்டிப் போட்டாலும் இரண்டாயிரம் ரூபாய் சொச்சம். பெட்ரோலில் அதே தூரத்துக்கு 8 கொடுத்தால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. வெளியூருக்குப் பெட்ரோல், உள்ளூருக்கு அது.

ஓட்டும் முறையில் இரண்டே விஷயம். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். நெரிசலில் முன் வண்டி ஒரு அடி நகர்ந்தால் நீங்களும் ஒரு அடி நகர்வது அதற்கு ஆகாது, கிளட்ச் தேய்ந்து சூடாகும், பெட்ரோலும் போகும். பிரேக்கை மிதித்தபடி நில்லுங்கள், ஒரு வண்டி இடம் விழுந்ததும் மெதுவாக நகருங்கள். நடுவில் ஆட்டோ புகுந்தால் புகட்டும். அப்புறம், ஸ்போர்ட் மோடில் டவுனில் ஓட்டாதீர்கள், கியரை இறக்கியே வைத்திருக்கும். சின்ன டர்போ எஞ்சினின் குணமே அதுதான், மெதுவாக மிதித்தால் சின்ன எஞ்சின் மாதிரி குடிக்கும், அழுத்தி மிதித்தால் டர்போ காற்றைத் திணிக்கும், அதற்கேற்ற பெட்ரோலும் போகும்.

சங்ககிரி போய் வந்தும் 13-க்குக் கீழேதான் வருகிறது என்றால் அப்போது சந்தேகப்படலாம். முதலில் டயர் காற்று, டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, ஓடாத குளிர்ந்த டயரில். பங்க் பையன் எல்லாக் காருக்கும் ஒரே அளவு அடிப்பார், அதை நம்பாதீர்கள். அடுத்து, பிரேக் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் நாலு வீலிலும் ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுடுகிறதா என்று கையைத் தள்ளி வைத்துப் பாருங்கள், தொட வேண்டாம். சுட்டால் பிரேக் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீல் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடு ஏற வேண்டிய அளவுக்கு ஏறவே இல்லை என்றால் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடி எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கலாம், சூடாகாத எஞ்சின் என்றே கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். திருப்பூரில் பஞ்சுத் தூசி அதிகம் என்பதால் ஏர் ஃபில்டரை மாற்றச் சொல்வார்கள். மாற்றுங்கள், ஆனால் இந்தக் கால எஞ்சினில் ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையுமே தவிர மைலேஜ் பெரிதாகக் குறையாது, அதனால் அதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் சொன்னால் விட்டுவிடாதீர்கள். ஃபுல் டேங்க் போட்ட இரண்டு பில்லையும், ட்ரிப் மீட்டரைப் படம் எடுத்ததையும், சராசரி வேகத்தையும் கையோடு கொண்டுபோய் சர்வீஸ் அட்வைசர் முன்னால் வையுங்கள். மைலேஜ் வரவில்லை என்று வெறும் வாயால் சொன்னால் ஓட்டுகிற விதம் என்பார்கள், 85-இல் குரூஸ் கன்ட்ரோல் போட்டு, போய்த் திரும்பியும் 12 என்று பில்லோடு காட்டினால் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.